பால் மறக்கடிக்கும் மாதம்

மத்திகிரி, ஓசூர்
18 நவம்பர் 2023

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அங்கே உங்களுக்கும் உங்கள் குதிரைகளுக்கும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லையே?

வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பார்ப்பீர்கள். நான் எங்கே பேசுகிறேன்? உங்கள் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். "நல்லா இருக்கேங்க" என்று நான் சொன்னதும் என் பங்கு முடிந்துவிடுகிறது. என் போன் பீரோவுக்குள் இருக்கிறது. அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். கம்பெனி லைனில் நாள் முழுக்க ஊராருக்கெல்லாம் போன் பாகங்களை மாட்டித் தள்ளுகிறேன், அது மட்டும் ஆகுமாம்.

அதனால் லைனில் என் பக்கத்தில் நிற்கும் ரூபாவின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். பதிலை அங்கே போடுங்கள். அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

விஷயம் இதுதான். போன ஞாயிறு பூசை முடிந்ததும் பர்கூரிலிருந்து உங்கள் அக்காவும் அவர் வீட்டுக்காரர் செல்வம் அண்ணனும் வந்திருந்தார்கள். அக்கா என் வயிற்றில் கையை வைத்து, "இது எனக்கு. நீ அடுத்தத பெத்துக்க" என்றார். உங்கள் அம்மா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகாயமேரி அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், ஒரு பிள்ளை இல்லை. எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காக என் பிள்ளையையா?

விளையாட்டுக்குச் சொன்னார்களா, நிஜமாகவா? ஒரு வரி எழுதுங்கள், போதும். எனக்கு இது ஆறாவது மாதம். எனக்கு அம்மா இல்லை, அப்பா இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். பிரசவமும் இந்த வீட்டில்தான். எனக்காகப் பேச நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

பனியில் காதை மூடிக்கொள்ளுங்கள்.
லிபியா

*

உராகாவா, ஹொக்கைடோ
12 டிசம்பர் 2023

அன்புள்ள லிபியாவுக்குக் கிங்ஸ்டன் எழுதுவது. நான் சுகம். ஐம்பத்திரண்டு கிலோவில் நிற்கிறேன், ஏறவில்லை.

இங்கே பனி முழங்கால் அளவு. ஆனாலும் வேலை நிற்காது. கூரை போட்ட ஏற்றப்பாதை ஒன்று இருக்கிறது, அதில் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிறோம். ராஜஸ்தான், பீகார் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழன் நான் ஒருவன்தான். இங்கே உள்ளதைப் பார்த்தபின் பெங்களூர் ரேஸ் கோர்ஸில் நான் ஏறியதெல்லாம் வண்டி மாடு என்று தோன்றுகிறது. நான் பழக்கும் ஒன்று டெர்பி பந்தயத்துக்குப் போகும் என்று முதலாளியே சொல்கிறார். இந்த நாட்டில் வருஷத்துக்கு ஏழாயிரம் குட்டிக்கு மேல் பிறக்கிறது. டெர்பி வாசல் பதினெட்டுக்குத்தான் திறக்கும். அதில் ஒன்றின் முதுகில் உன் புருஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று ரூபாவிடம் சொல்.

பண்ணையில் கசுமி என்று ஒரு தாய்க் குதிரை. உன்னைப் போலவே சினை. அதற்குத் தீவனம் அளந்து போடுகிறார்கள், வாரா வாரம் எடை பார்க்கிறார்கள், தினமும் நடத்துகிறார்கள். நீயும் நன்றாக நட. லைனில் நின்று வேலை செய்வதும் நல்லதுதான்.

அக்கா என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் மனம் நோக எதையும் பேசிவிடாதே. அம்மாவுக்கு முட்டி வலி என்றாள், தைலம் வாங்கிக் கொடு.

கிங்ஸ்டன்

*

மத்திகிரி
22 ஜனவரி 2024

அன்புள்ள உங்களுக்கு,

தைலம் வாங்கியாயிற்று, முட்டி பரவாயில்லை. நீங்கள் சுகம்தானே?

உங்கள் கடிதத்தை ரூபா மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தாள். அவள் கன்னடக்காரி, தமிழ் பேசுவாள், படிக்க வராது. முகம் ஏன் இப்படிப் போயிற்று என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்னைச் சினை என்று எழுதியிருக்கிறார் என்றேன். டிபன் பாக்ஸை வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நான் கேட்டதற்குப் பதிலைக் காணோம். ஆனால் போன வாரம் போனில் உங்கள் அம்மா, "சகாயத்துக்கிட்ட சொல்லிட்டேன்டா, சரிதான?" என்றபோது நீங்கள் "ம்" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதற்கு அந்த "ம்"? அக்கா பர்கூர் வீட்டில் தொட்டில் கம்பி மாட்டிவிட்டார். உத்திரத்தில் துளை போட ஆள் வந்ததைச் செல்வம் அண்ணன் என்னிடமே சொல்கிறார்.

நான் சண்டை போடவில்லை. அடுத்த முறை போனில், எல்லோர் காதிலும் விழ, "புள்ள லிபியாகிட்டதான் வளரும்மா" என்று சொல்லுங்கள். மூன்றே வார்த்தை. குதிரைக்கு இடம் வலம் சொல்கிறவருக்கு இது பெரிய காரியமா?

மார்ச் முதல் வாரம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது.

லிபியா

*

உராகாவா
15 மார்ச் 2024

அன்புள்ள லிபியாவுக்கு,

ஆண் பிள்ளை, மூன்று கிலோ, கை கால் நீளம் என்று அம்மா போனில் சொன்னாள். பண்ணை முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன். நீயும் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஜெரோம் என்று பெயர் வையுங்கள். இங்கே பெயர் வைக்கும்வரை குட்டியை அம்மா பெயரால்தான் கூப்பிடுவார்கள். கசுமி போட்டது கசுமியின் பிள்ளை.

அந்தக் கசுமி குட்டி போட்ட அன்றே செத்துவிட்டது. நல்ல வம்சம், கோடிக்கணக்கில் விலை. குட்டியை விட முடியுமா? வேறு பண்ணையிலிருந்து பால் கொடுக்கும் குதிரை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய உடம்பு, வம்சம் எதுவும் கிடையாது. முதலில் குட்டியை உதைக்கப் பார்த்தது. மூக்கில் மருந்தைத் தடவி, வாசனை தெரியாமல் செய்து, நாங்கள் மூன்று பேர் பிடித்துக்கொண்டு குட்டியை விட்டோம். இரண்டு நாளில் நக்க ஆரம்பித்துவிட்டது. குட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யார் பாலானால் என்ன? நாளைக்கு அது ஓடும்போது யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று யோசித்துப் பார். நீ கெட்டிக்காரி.

சூடாகச் சாப்பிடு. நீரைக் கொதிக்க வைத்துக் குடி.
கிங்ஸ்டன்

*

மத்திகிரி
9 ஏப்ரல் 2024

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சாக்லேட்டை நினைத்து இங்கே வெல்லம் தின்றேன்.

ஜெரோம் உங்கள் நெற்றி, என் மூக்கு. பால் குடிக்கும்போது என் தாலிச் செயினை விரலில் சுற்றிக்கொள்கிறான், எடுத்தால் கத்துகிறான். எல்லாவற்றையும் எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். அந்த ஊர் வழக்கம் பிடித்திருக்கிறது என்று இவனை "லிபியாவின் பிள்ளை" என்று சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். உங்கள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கெட்டிக்காரி என்று எழுதியிருந்தீர்கள், அதனால் யோசித்தேன். ஒன்று புரியவில்லை. வாடகைக்கு வந்த குதிரைக்குப் பால் இருந்தால், அதுவும் குட்டி போட்டிருக்க வேண்டுமே. அந்தக் குட்டி எங்கே? நீங்கள் எழுதவில்லை.

ஆகஸ்ட் பாதிவரை எனக்குப் பிரசவ லீவு. அதற்குள் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

லிபியா

*

உராகாவா
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள லிபியாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் மூன்று கடிதமும் வந்தன. டெர்பி வேலையில் எழுத முடியவில்லை. நான் பழக்கியது ஓடியது. பின்னால்தான் வந்தது, ஆனாலும் அந்தப் பதினெட்டில் ஒன்றாக நின்றது. கதவு திறந்தபோது டோக்கியோவில் கூட்டம் எழுப்பிய சத்தத்தை டிவியில் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

இனி இங்கே குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கும் மாதம். கட்டிப் பிடித்து இழுத்துப் பிரிப்பதெல்லாம் விவரமில்லாதவன் வேலை. இவர்கள் முறையே வேறு. குட்டியில்லாத, சாந்தமான ஒரு குதிரையை முதலில் குட்டிகளோடு மேயவிட்டுப் பழக்குவார்கள். குட்டி அதன் வாசனைக்கு ஒட்டிக்கொண்டதும், ஒரு நாள் தாயை எப்போதும்போல வெளியே அழைத்துப் போய், வண்டியில் ஏற்றிக் குரல் எட்டாத இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் பத்து நாள் கத்தும், வேலி ஓரமாகவே நடக்கும். மடி கட்டிக்கொள்ளும். கறக்கக் கூடாது, கறந்தால் இன்னும் ஊறும். விட்டால் தானாக வற்றிவிடும். அப்புறம் தலையைக் குனிந்து மேயப் போய்விடும். அம்மாவிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லீவு முடிந்ததும் வேலைக்குப் போ. ஜெரோமைப் பற்றிக் கவலைப்படாதே, பெரியவர்கள் இருக்கிறார்கள்.

கிங்ஸ்டன்

*

ஓசூர்
31 ஆகஸ்ட் 2024

கிங்ஸ்டன் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள், கேட்கவில்லை.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. முன்பே வந்திருந்தால் நான் வீட்டைவிட்டு வெளியே கால் வைத்திருக்க மாட்டேன். நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய பதினைந்து நாள் உங்கள் அக்கா எங்களோடுதான் இருந்தார். ஜெரோம் அவர் சேலையில்தான் தூங்கினான். நான் சந்தோஷப்பட்டேன், பிள்ளையில்லாத மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை முதல் நாள் ஷிப்ட். உங்கள் அம்மா தன் கையால் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தார், முட்டை வைத்து. கம்பெனி பஸ் ஏறும்போது ஜெரோமின் கையைப் பிடித்து டாட்டா காட்டச் சொன்னார்.

திரும்பி வந்தேன். தொட்டில் இல்லை. அவன் துணி ஒன்று இல்லை. உங்கள் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்ட பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"பத்து நாளு கத்துவ. பாலக் கறந்து ஊத்தாத, ஊறிகினே இருக்கும். அப்புறம் நீயே சோத்துக்கு வந்துருவ. எம்மவன் வெவரம் தெரிஞ்சவன்" என்றார்.

அப்போது எனக்கு அது புரியவில்லை. நேற்று உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

மறுநாள் பர்கூருக்கு ஓடினேன். செல்வம் அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை, என்னைக் கண்டால் பிள்ளை ஏங்கிப்போய்விடும் என்றார். உள்ளே அவன் அழுவது கேட்டது. அவன் குரல் எனக்குத் தெரியாதா? ஜாக்கெட் நனைந்து சேலை நனைந்து ரோட்டில் நின்றேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த மேடம் உங்களுக்கே போன் போட்டார், அவரும் ஸ்பீக்கரில்தான் போட்டார். "என் சம்மதத்தோடதான் மேடம். எங்க அக்காதான, வெளியாளா?" என்றீர்கள். நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

ஏழு மாதமாக உங்களிடம் கேட்ட வார்த்தை மூன்று. அதைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை. இதற்கு மட்டும் முதல் மணியிலேயே போனை எடுத்தீர்கள்.

லைனில் சீருடை நனைந்துவிடுகிறது. ரூபா தன் துப்பட்டாவைக் கொடுத்து மூடிக்கொள்ளச் சொன்னாள்.

லிபியா

*

உராகாவா
3 அக்டோபர் 2024

லிபியாவுக்கு,

நலம். நீயும் நிதானமாகி இருப்பாய். சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணி ஸ்டேஷன்வரை போனது எனக்கு அவமானம். பிள்ளையை ஆற்றிலா போட்டோம்? என் கூடப்பிறந்தவள் வீட்டில் ராஜா மாதிரி இருக்கிறான்.

கசுமியின் பிள்ளை இப்போது எப்படித் துள்ளுகிறது தெரியுமா? அடுத்த வருஷம் நான்தான் அதன் முதுகில் முதலில் ஏறப் போகிறேன். இங்கே குட்டி போட்ட ஒன்பதாம் நாளே தாயை மறுபடி பொலிக்குதிரையிடம் கொண்டுபோய்விடுவார்கள், அழுதுகொண்டிருக்க நேரம் கொடுப்பதில்லை. நானும் ஜனவரியில் லீவில் வருகிறேன். இன்னொன்று பெற்றுக்கொள்வோம், அது உனக்கு. போதுமா?

அம்மாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

கிங்ஸ்டன்

*

ஓசூர், பெண்கள் ஹாஸ்டல்
6 நவம்பர் 2024

கிங்ஸ்டன் அவர்களுக்கு,

உங்கள் சுகத்துக்கும் உங்கள் குதிரைகளின் சுகத்துக்கும் குறைவில்லை என்று நினைக்கிறேன்.

பால் வற்றிவிட்டது. நீங்கள் சொன்ன பத்து நாள் இல்லை, இருபத்தைந்து நாள் ஆயிற்று. அதை உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள்.

கல்லறைத் திருநாள் முடிந்து பர்கூருக்குப் போனேன். இந்த முறை கேட்டைத் திறந்தார்கள். கையை நீட்டினேன். ஜெரோம் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான், பிறகு உங்கள் அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினான். "அத்த வந்திருக்காங்க பாரு, அத்த" என்று அக்கா அவன் முதுகைத் தட்டினார். எனக்கு வைத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். ஞாயிறுதோறும் போகலாம் என்று இருக்கிறேன், அத்தையாகவாவது.

வேறு போன் வாங்கிவிட்டேன். நம்பர் தர மாட்டேன். எதுவானாலும் எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் பின்னால் மாற்றிப் பேச முடியாது. ஜனவரியில் வந்தால் மத்திகிரியில் தங்கிக்கொள்ளுங்கள், நான் அங்கே இல்லை. இன்னொன்று கிடையாது.

லிபியா

*

சப்போரோ, ஆஸ்பத்திரி
11 மார்ச் 2025

என் அன்பு லிபியா,

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? ஜெரோமுக்குப் போன வாரம் ஒரு வயது ஆகியிருக்கும். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடாதே. லீவுக்குக் கிளம்ப இருந்த வாரம், ஜனவரியில், ஏற்றப்பாதையில் குதிரை தடுக்கி விழுந்தது. என் மேலேயே விழுந்தது. இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. உள்ளேயும் காயம். இரண்டு ஆபரேஷன் ஆயிற்று.

இனிக் குதிரை ஏற முடியாது. இனிப் பிள்ளைக்கும் வழியில்லை என்று டாக்டர் சொல்கிறார். மொழி தெரிந்த ஆளை வைத்து இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையேதான் சொன்னார்.

படுத்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரனைப் பார்க்க அவன் மகன் வருகிறான். எனக்கு ஜெரோம் நினைப்பாகவே இருக்கிறது. என் மடியில் அவனை ஒரு தரம்கூட வைத்ததில்லை. லிபியா, என் சம்மதத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பிள்ளையை வளர்க்கக் கொடுத்தது தப்பு, அவன் என்னிடம்தான் வர வேண்டும் என்று இதோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதைக் காட்டி அக்காவிடமிருந்து வாங்கு, முடியாது என்றால் ஸ்டேஷனுக்குக் கொண்டு போ. அக்கா முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மத்திகிரியில் அம்மா பார்த்துக்கொள்வாள், நீ வேலையை விட வேண்டாம். மே மாதம் நான் வந்துவிடுவேன். வாசலில் என் பிள்ளை நிற்க வேண்டும்.

உன் கிங்ஸ்டன்

*

பர்கூர்
14 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய கிங்ஸ்டன் அவர்களுக்கு,

எலும்பு கூடிவரும் என்று நம்புகிறேன். ஜெரோம் நலம். மேலே நான்கு, கீழே நான்கு பல். பிடிக்காமல் நடக்கிறான்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பர்கூருக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. உங்கள் அக்காவை உட்கார வைத்து நிதானமாகப் படித்துக் காட்டினேன். "தூக்கிகினு போயிருவியா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் என் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

இரண்டு வழி சொன்னேன். இந்தக் கடிதத்தை நான் வெளியே காட்டினால் பிள்ளை மத்திகிரிக்குப் போவான். உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, மாமியாருக்குத்தான். காட்டாமல் இருந்தால், நான் இந்த வீட்டில்தான் இருப்பேன், அவன் என் பக்கத்தில்தான் படுப்பான். அக்கா செல்வம் அண்ணனைப் பார்த்தார். அன்று சாயங்காலமே அண்ணன் ஹாஸ்டலிலிருந்து என் பெட்டியை எடுத்துவந்து மாடி அறையில் வைத்தார். சிப்காட்டில் செருப்புக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். அக்காவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரே அடுப்பில் சமைக்கிறோம், அவ்வளவுதான்.

அவன் அக்காவை அம்மா என்கிறான், அண்ணனை அப்பா என்கிறான். என்னை இன்னும் எதுவும் கூப்பிடவில்லை. ஆனால் என் மேல் காலைப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. ஒரு முறை அவனைப் பிரித்துப் பழக்கியாயிற்று. இன்னொரு முறை நான் செய்ய மாட்டேன், யாரையும் செய்ய விடவும் மாட்டேன். செல்வம் அண்ணன் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் உங்கள் அம்மாதான். இப்போது அதை மாற்றிப் பேச இந்த வீட்டில் யாரும் தயாராக இல்லை, நான் உட்பட.

மே மாதம் காது குத்து வைத்திருக்கிறோம், நீங்கள் வந்து சேரும் நாளைக் கேட்டுத்தான் தேதி வைத்தோம். பத்திரிகை ஒன்றை இதோடு அனுப்புகிறேன். பெற்றோர் என்ற இடத்தில் அண்ணன், அக்கா பெயர் இருக்கும். என் பெயர் எங்கும் இல்லை, நான்தான் வேண்டாம் என்றேன். உங்கள் பெயரை "தாய்மாமன்" என்று போட்டு, ஜப்பான் என்றும் சேர்த்திருக்கிறது. முறைப்படி அவனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். கடுக்கனும் உங்கள் சீர். தரையில் உட்கார முடியாதென்றால் நாற்காலி போடச் சொல்கிறேன்.

அவனுக்கு உங்கள் முகம் தெரியாது. அழுவான். அழுதால் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் நாலு பேர் பார்க்கும் இடத்தில் அப்பா, மகன் என்று எதையாவது சொல்லிப் பிள்ளையைக் குழப்பாதீர்கள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

லிபியா